இரண்டு தரம் மறைத்த எண்

தம்பி,

இன்று பின்னேரம் நீ போனில் "நல்லா இருக்கிறன் அம்மா" என்று சொல்லி வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனேன். அப்பா குசினிக்குள் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "என்ன ரீச்சர், இண்டைக்கு ஊறின அரிசியோ?" என்று கேட்டார். சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. சும்மா கேட்டுவைத்தார்.

நீ பல்கலைக்கழகம் போய் இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. முகத்தைக் காட்டு என்றேன், கமரா பழுது என்றாய். போன கிழமை வரை நன்றாக இருந்த கமரா அது. சாப்பிட்டாயா என்றால் ஓம். நித்திரை கொண்டாயா என்றால் ஓம். உனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், நீ பாதிச் சொல்லில் நின்றாய். பிறகு "நல்லா இருக்கிறன் அம்மா" என்று பாடமாக்கியதை ஒப்புவிப்பது மாதிரிச் சொன்னாய். போனை வைக்கும்போது, "முழுக்கைச் சேட் ரெண்டு மூண்டு அனுப்பிவிடுங்கோ" என்றாய். வீட்டில் சேட்டுப் போடுவதற்கே சண்டை பிடிக்கிற பிள்ளை நீ. முதல் வருடக்காரர் எல்லோரும் முழுக்கை போட வேண்டும் என்று அங்கே மூத்த மாணவர்கள் சட்டம் வைத்திருக்கிறார்களா? அல்லது உன் கையில் நான் பார்க்கக்கூடாத ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு அடியும் எடுத்து வைக்க ஏலாது. ஒன்றுமில்லாததற்கு நான் வந்து சத்தம் போட்டால் அதன் பிறகு உன்னை அங்கே இருக்க விடமாட்டார்கள். ஏதாவது இருந்து நான் வராமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் ஒன்றும் தெரியாத தாய் இல்லை. படிப்பு முடித்த அடுத்த வருடமே உன்னைப் பெற்றவள். இப்போதும் பஸ்ஸில் உன்னோடு போனால் அக்காவா என்று கேட்கிறார்கள். மூத்த மாணவர்களின் பகிடிவதை என்றால் என்னவென்று செய்தியில் வாசித்துத் தெரிந்துகொண்டவளும் இல்லை. எங்கள் காலத்திலும் முதல் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு ஒரே பதிலைத்தான் சொன்னோம். என் அறையில் இருந்த பிள்ளையும் அதையேதான் சொன்னாள். பிறகு ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. கணிதத்தில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. அவளுடைய வீட்டார் அன்று வரை அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உனக்குத் தெரியும், எனக்குப் பயம் வந்தால் கண்ணில் படுகிற எண்ணை எடுத்து வகை பிரிக்கத் தொடங்கிவிடுவேன். ஒற்றையா இரட்டையா, மூன்றால் வகுபடுமா, நிறைவர்க்கமா, முதன்மை எண்ணா என்று பார்த்துக்கொண்டே போவேன். பல் வைத்தியரின் கதவுக்கு வெளியே நின்று என் அடையாள அட்டை இலக்கத்தைக் காரணிப்படுத்தியதை நீ இன்னும் சொல்லிச் சிரிப்பாய். இன்று பின்னேரம் கைக்கு வந்த எண் எது தெரியுமா? எண்ணூற்று ஐம்பத்தைந்து கோடியே முப்பத்தெட்டு இலட்சத்துப் பதின்மூவாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. நீ மறந்திருக்க மாட்டாய். அது சித்தப்பா றேடியோ செற்றில் சொன்ன எண்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். திருகோணமலையில் எங்கள் சல்லிக் கரையிலும் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கமும் போட்டில் போகிறவர்கள் மீன் படுகிற இடத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். செற்றில் கதைப்பது எல்லாப் போட்டிலும் கேட்கும். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு மீன் கூடுகிற அந்தக் கடலடிக் கல்லைச் சுற்றி ஊரே நிற்கும். அதனால் வீட்டுக்கு இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு முறையில் மாற்றித்தான் சொல்லும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. மீனைப் பெட்டியில் போட்டால் மூடுவது போல அதுவும் ஒன்று.

எங்கள் வீட்டு முறையை நீ செய்தாய். அப்போது உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாய். ஜீபிஎஸ் காட்டுகிற வடக்கு அளவையும் கிழக்கு அளவையும் புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதினால் ஒன்பது இலக்கம். அதன் கடைசியில் இன்னொரு இலக்கம் சேர்ப்பது. எப்படிப்பட்ட இலக்கம் என்றால், எல்லா இலக்கங்களையும் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டினால் ஒன்பது வர வேண்டும். அதாவது முழு எண்ணும் ஒன்பதால் வகுபட வேண்டும். இரைச்சலில் ஓர் இலக்கம் பிழைத்தால் அநேகமாகக் காட்டிக்கொடுக்கும். இது உண்மை எண். இதை மறைப்பதற்கு ஏழு கோடியே அறுநூறைக் கூட்டுவது. கூட்டினால் இடம் ஏழு மினிற் வடக்கேயும் ஆறு மினிற் கிழக்கேயும் தள்ளிப்போகும்; ஒரு மினிற் கிட்டத்தட்ட ஒரு கடல் மைல். ஏழும் ஆறும் பதின்மூன்று, ஒன்றும் மூன்றும் நான்கு. ஆகவே மறைத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் நான்கில் வந்து நிற்கும். ஒன்பது வந்தால் உண்மை, நான்கு வந்தால் மறைத்தது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இந்த இரண்டு வகுப்புக்குள் ஒன்றில் விழ வேண்டும். அப்பா கரையெல்லாம் போய், "என்ர மகன் கடலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான்" என்று சொல்லித் திரிந்தார். பூட்டின் கதையைச் சொன்னாலே பாதி திறந்த மாதிரி என்று நீ அவரோடு சண்டை போட்டாய். நான் இரண்டு பேரையும் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பூட்டு எங்கள் கழுத்தில்தான் விழும் என்று கணிதம் படிப்பிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

கச்சான் காற்றுக் காலம். பள்ளிக்கூட விடுமுறை. அப்பாவும் சித்தப்பாவும் விடியவே கடலுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடிக்கவில்லை, அலுமாரிக்கு மேல் இருந்த செற் கரகரத்தது. சித்தப்பாவின் குரல். "எஞ்சின் நிண்டுபோச்சு. கச்சான் வெளிய இழுக்குது. எழுதுங்கோ." நீ சோற்றுக் கையோடு எழும்பிப் பேனையை எடுத்தாய். எட்டு, அஞ்சு, அஞ்சு, மூண்டு, எட்டு, ஒண்டு, மூண்டு, ஏழு, ஆறு, ஏழு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ எவ்வளவு கூப்பிட்டும் செற்றில் காற்று மட்டும்தான் வந்தது. கரையிலிருந்து வெளியே அடிக்கிற காற்று அது. எஞ்சின் இல்லாத போட்டைக் கிழக்கே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். கிழக்கே இடித்து நிற்க ஒன்றுமில்லை.

நீ இலக்கங்களைக் கூட்டினாய். ஐம்பத்து மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு. மறுபடி கூட்டினாய். எட்டு. என்னிடம் தந்தாய், நானும் கூட்டினேன். ஒன்பதும் இல்லை, நான்கும் இல்லை. எங்கள் வீட்டு எண்ணில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. கொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கரைக்கு ஓடினோம். நான் ஒரு கால் செருப்போடு ஓடியதைச் சேகர் அண்ணை சொன்ன பிறகுதான் கண்டேன்.

சேகர் அண்ணையின் போட்டுத்தான் அன்று கரையில் இருந்த பெரிய எஞ்சின் போட்டு. அவர் ஏற்கெனவே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டனாங்கள் ரீச்சர், பயப்படாதேங்கோ. புல்மோட்டைக்கு நேர வெளியில. இறக்கக்கண்டிப் போட்டுகள் ரெண்டு வெளிக்கிட்டுட்டுது. நேவிக்கும் அறிவிச்சாச்சு, அவையும் அந்த இடத்துக்குத்தான் வருகினம்."

நீ, "சேகர் மாமா, பொறுங்கோ. அப்பா அங்க இல்லை" என்றாய்.

"பின்ன? உன்ர சித்தப்பன்தானே வாயால சொன்னவன்? ஆபத்து நேரத்தில ஆரும் இடத்தை மாத்திச் சொல்லுவினமோ?"

நீ என்னைப் பார்த்தாய். வீட்டுக்குள்ளேயே இருந்த இரகசியத்தை வெளியே விடுவதற்கு என்னிடம் அனுமதி கேட்ட பார்வை அது. நான் சொன்னேன். "நாங்கள் செற்றில சொல்லுறது சரியான இடம் இல்லை, சேகர் அண்ணை. கூட்டித்தான் சொல்லுறனாங்கள்."

"கூட்டி எண்டா?"

"மறைச்சு."

அவர் எண்ணெய்க் கானைக் கீழே வைத்தார். "ஆ! அப்ப போன மாதம் நான் குச்சவெளிக்கு நேர ஒரு நாள் முழுக்க நிண்டு வலையை மட்டும் நனைச்சுக்கொண்டு வந்தது இதாலதானோ?"

பின்னால் நின்ற ஒருவர், "நீ ஏன் அவன்ர நம்பரை ஒட்டுக்கேட்டுப் போனனீ?" என்றார்.

"உனக்கென்ன? நீ போகேல்லையோ?"

அந்த இடத்திலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. சேகர் அண்ணை கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி ரீச்சர், அதைப் பிறகு பாப்பம். மறைச்சதைக் கழிச்சுத் தாங்கோ" என்றார்.

"ஒருக்காக் கழிச்சாக் காணாது" என்று நீ சொன்னாய். "கூட்டினா எட்டு வருது. ஒருக்கா மறைச்சா நாலு. ரெண்டு தரம் மறைச்சாத்தான் எட்டு. அப்பா மறைச்சுச் சொல்ல, அது தெரியாமல் சித்தப்பா திரும்பவும் மறைச்சிருக்கிறார்."

"எட்டோ?" சேகர் அண்ணையின் முகம் மாறியது. "எட்டு சனியின்ர எண் தம்பி. போட்டு நம்பரிலயே நான் எட்டு வாங்காதவன். நீ அதை நம்பி..."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ஒரு இலக்கம் பிழைச்சிருந்தாலும் எட்டு வரலாம்" என்றேன். அது உண்மை. ஏதோ ஓர் இலக்கம் மாறினால் எந்த மீதியும் வரலாம், தற்செயலாக எட்டே வருவதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை நிறுவாமல் விடையை எழுதினால் நான் அப்படித்தான் மறித்துக் கேட்பேன். நீ திரும்பிப் பார்த்து, "அம்மா, இது பள்ளிக்கூடம் இல்லை!" என்று கத்தினாய். என்னை நோக்கி நீ சத்தம் போட்டது அதுதான் முதல் தரம். உன் கண் நிறைந்திருந்தது. நீ பிழை என்று நான் சொல்லவில்லை தம்பி. நீ சரியென்றால் சரி என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணம் வேண்டியிருந்தது. வடக்கே போய்க்கொண்டிருக்கிற போட்டுகளை நாங்கள் திருப்பிக் கூப்பிட்டு, பிறகு அவர்கள் போன இடமே சரியாக இருந்துவிட்டால்?

அந்தக் காரணம் எனக்கு எண்ணெயில் கிடைத்தது. அன்று விடிய அப்பா கானைத் தூக்கியபோது நான் வாசலில் நின்றேன். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வழமையில் கொண்டுபோவதில் பாதிதான் இருந்தது. "இண்டைக்குத் தூரம் இல்லை, கிட்டத்தில போட்டிட்டு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு எண்ணெயில் புல்மோட்டை வெளிக்குப் போகவே ஏலாது. ஒருதரம் கழித்தால் வருகிற இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. இரண்டு தரம் கழித்தால் எண்ணூற்று நாற்பத்தொரு கோடியே முப்பத்தெட்டு இலட்சத்துப் பன்னீராயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு. கூட்டினால் நாற்பத்தைந்து, அதைக் கூட்டினால் ஒன்பது. அந்த இடம் கிட்டத்தில் இருந்தது. நான் சேகர் அண்ணையிடம், "பிள்ளை சொல்லுறதுதான் சரி. எண்ணெய் அங்க மட்டும்தான் காணும்" என்றேன். அவர் தன் போட்டுச் செற்றை எடுத்து என் கையில் தந்தார். "அப்ப நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா அவங்கள் திரும்பமாட்டாங்கள்."

என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் செற்றில் கதைத்ததில்லை. வடக்கு எட்டு நாப்பத்தொண்டு தசம் மூண்டு, கிழக்கு எம்பத்தொண்டு இருபத்தஞ்சு தசம் ஆறு, அதுக்கும் வெளியில பாருங்கோ, காத்து இழுத்திருக்கும், என்று ஒன்றையும் கூட்டாமல் கழிக்காமல் சொன்னேன். திருகோணமலைக் கடல் முழுவதும் அதைக் கேட்டது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு இறக்கக்கண்டிப் போட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரீச்சர், இது உண்மை நம்பரோ, இல்லாட்டி உங்கட வீட்டு நம்பரோ?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டவர்மேல் பிழை சொல்லவும் ஏலாது. "உண்மை. என்ர பிள்ளை மேல சத்தியம்" என்றேன். "சரி, திரும்புறம்" என்றார்கள். கடற்படைக்கும் அந்த இடத்தையே திருத்திச் சொன்னோம். சேகர் அண்ணை உன்னை ஏற்றவில்லை. நீ கெஞ்சினாய். "ஒரு வீட்டில ரெண்டு பேர் கடலில காணும், மூண்டாவது ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எஞ்சினை இழுத்தார்.

அதன் பிறகு நாங்கள் கரையில் இருந்தோம். நீ என்னோடு கதைக்கவில்லை. நான் அந்தப் பத்து இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகை பிரித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை எண். ஏழில் முடிகிறது, ஆகவே நிறைவர்க்கம் இல்லை. மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். பதினொன்றால் வகுத்தால் நான்கு மிஞ்சும். நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும், அதனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும் அதை எழுத முடியாது. முதன்மை எண்ணா என்று பார்க்க முடிவில்லாமல் வகுக்க வேண்டும், நான் பத்தொன்பதைத் தாண்டி இருபத்து மூன்று வரை போயிருந்தேன். ஒரு எண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்குள் இரண்டு மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று எந்த வகுப்பும் சொல்லாது. வெயில் சாய்ந்து, மற்றப் பெண்கள் தேத்தண்ணி கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆறியது. இருட்டப்போகிற நேரம் செற்றில் சேகர் அண்ணை, "கண்டாச்சு. ரெண்டு பேரும் கதைக்கினம். சண்டை பிடிக்கினம்" என்றார்.

நான் சொன்ன இடத்துக்கு நேர் கிழக்கே, காற்று இழுத்துக்கொண்டுபோன இடத்தில் அவர்கள் கிடந்திருக்கிறார்கள். கரையில் இறங்கும்போதும் சண்டை ஓயவில்லை. "அண்ணை எஞ்சினடியில நிண்டு நம்பரைக் கத்தினவர். நான் எப்பவும் போலக் கூட்டிச் சொன்னனான்" என்று சித்தப்பா சொன்னார். "நான் கூட்டித்தானேடா கத்தினனான்!" என்றார் அப்பா. இரண்டு பேரிலும் பிழையில்லை. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போகிற நேரத்திலும் ஏன் மறைத்துச் சொன்னீர்கள் என்று பிறகு ஒரு நாள் அப்பாவைக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லேல்ல. வாய்க்கு அந்த நம்பர்தான் வரும்" என்றார். அப்பாவின் கல்லில் இப்போது எல்லோரும் தூண்டில் போடுகிறார்கள். சேகர் அண்ணை கண்ட இடமெல்லாம், "என்ன ரீச்சர், வீட்டு நம்பர் எப்பிடி?" என்கிறார். அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு வேறு கல்லைத் தேடிப் போனார்.

தம்பி, நீ சொல்கிற "நல்லா இருக்கிறன்" என்பதில் கூட்டிப் பார்க்க எனக்கு இலக்கங்கள் இல்லை. அது உண்மையா, ஒரு தரம் மறைத்ததா, இரண்டு தரம் மறைத்ததா என்று சொல்ல என்னிடம் ஒரு ஒன்பதும் இல்லை. அம்மா பயப்படுவா என்று நீ ஒரு தரம் மறைத்திருக்கலாம். இது எல்லோருக்கும் நடப்பதுதான், கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று உனக்கு நீயே சொல்லி இன்னொரு தரம் மறைத்திருக்கலாம். உனக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவன் தன் பங்குக்கும் ஏதாவது கூட்டியிருக்கலாம். நீ என்னை ஏமாற்றுகிறாய் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்க்கு அந்தப் பதில்தான் வரும். நானும் அப்படித்தான். உன்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று, "சந்தோசமாப் போயிட்டு வா, எனக்கு ஒரு யோசனையும் இல்லை" என்றேன். அது உனக்காக மறைத்தது. வீட்டுக்கு வந்து, உண்மையிலேயே எனக்கு யோசனை இல்லைத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அது எனக்காக மறைத்தது. உண்மை என்னவென்றால், அன்றைக்கே உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருப்பேன், வெட்கமாக இருந்தது.

அப்பா முதலில், "பொடியனை விடு, பழகட்டும்" என்றார். பிறகு சோறு வெந்து, இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தபோது, "அவனட்டச் சொல்லு, ஒரு நம்பர் அனுப்பட்டும். போனை ஆர் பாத்தாலும் விளங்காது. ஒன்பது வந்தா நல்லா இருக்கிறான், நாலு வந்தா பிரச்சினை" என்றார். நல்ல யோசனை. நான் எழுதத் தொடங்கினேன்கூட. எட்டு வந்தால் என்ன என்று நினைத்ததும் நிறுத்திவிட்டேன். மறைப்பதற்கு இன்னும் நல்ல முறை ஒன்றை உனக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை.

அதனால்தான் இதை உன் போனுக்கு அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் போடுகிறேன். உன் பெயரையோ நீ படிக்கிற இடத்தின் பெயரையோ எழுதவில்லை. உனக்குப் பின்னால் சிரித்த பிள்ளை இதை வாசித்தால், அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பா, அவவும் இன்று பின்னேரம் ஒரு பதிலைக் கேட்டிருப்பா. உனக்கு இது வெட்கமாக இருக்கும் என்று தெரியும். அன்றைக்குக் கரையில் எனக்கு வந்த வெட்கத்தைவிடக் கூடுதலாக இருக்காது. நான் பிழையாகவும் இருக்கலாம், அதையும் எழுதி வைக்கிறேன். அங்கே எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்து, கமரா உண்மையிலேயே பழுதாக இருந்தால், இந்த ஊரே வாசிக்க நான் உன்னை அவமானப்படுத்தியவளாவேன். அதற்கு நீ எவ்வளவு நாள் என்னோடு கோபித்தாலும் சரி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப போய்ப் பாப்பம். பிழையான இடமெண்டா திரும்பி வருவம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் உன் விடுதி வாசலில் நிற்போம். யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டோம், சத்தம் போடமாட்டோம். நீ வெளியே வா. பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஏன் என்று கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவோம். எழுத வேண்டியவர்களுக்கு எழுதுவதையும், திரும்பப் போவதா வேண்டாமா என்பதையும் பிறகு மூன்று பேருமாக யோசிப்போம். வெறுங்கையோடு வந்தால், உன் முகத்தை ஒருதரம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எங்காவது ஒரு கடையில் உன்னோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவோம்.

நீ வராவிட்டால் நான் உள்ளே வருவேன்.

அம்மா